மெல்ல மெல்ல மாறும் சூயிங்கம்: எடைபோட்டுப் பார்க்க ஒரு செய்முறை

சர்க்கரை போட்ட சூயிங்கம் ஒன்று 3 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் மென்றுவிட்டுத் துப்பினால் மிச்சம் ஒரு கிராம் சொச்சம்தான் தேறும். மீதி எங்கே என்று கேட்டால் "பல்லுல அரைபட்டுத் தேஞ்சு போச்சு" என்பார்கள். தேயவில்லை. எச்சிலில் கரைந்து வயிற்றுக்குள் போய்விட்டது. வாயில் போட்டதும் கடினமாக இருந்தது இரண்டு நிமிடத்தில் இளகுவதும், பிறகு மறுபடி இறுகுவதும், இனிப்பு சப்பென்று ஆவதும், முட்டை ஊத வருவதும் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவை: தண்ணீரில் கரைவது போகிறது, கரையாதது நிற்கிறது.

இதை வீட்டில் அளந்து பார்க்கலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் தோதான வேலை. குமரி மாவட்டத்து ரப்பர் ஊர்களான குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைப்பழக்கம். ரப்பர் ஷீட் அடித்த கைக்கும் சக்கை (பலாப்பழம்) வெட்டிய கைக்கும் சூயிங்கத்தின் குணம் புதிதல்ல.

உள்ளே இருப்பது என்ன

உறையைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், கம் பேஸ், பிறகு சில ஐஎன்எஸ் எண்கள் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான குறியீட்டு எண்கள்) இருக்கும். எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையும் சிரப்பும். கம் பேஸ் சுமார் 20 முதல் 30 சதவீதம். வாசனைப் பொருள் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 422 என்று இருந்தால் கிளிசரின். காய்ந்துவிடாமல் மெதுவாக வைத்திருக்க. 322 லெசித்தின், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள். 321 என்பது பேஸ் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பிஎச்டி (BHT). சர்க்கரை இல்லாத வகையில் 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 967 சைலிட்டால் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கூடவே 950, 951, 955 என்ற எண்களில் கொஞ்சமாய்ப் போட்டாலே இனிக்கும் பொருள்கள் (அசிசல்ஃபேம், அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ்).

கம் பேஸ் என்பது தனி ஒரு பொருள் அல்ல, ஒரு கூட்டு. இழுவைக்குச் செயற்கை ரப்பர், உருவம் நிற்கப் பாலிவினைல் அசிடேட், இரண்டையும் ஒட்டவைக்க மரப்பிசினிலிருந்து எடுத்த ரெசின், வழவழப்புக்கு மெழுகு, கனத்துக்குச் சுண்ணாம்புத் தூளோ டால்க்கோ. பழச்சுவை வகையில் புளிப்பு அமிலம் இருப்பதால் சுண்ணாம்பை விட்டுவிட்டு டால்க் போடுவார்கள். இல்லையென்றால் அமிலமும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாலிவினைல் அசிடேட் என்றதும் பயப்பட வேண்டாம். ஆசாரிமார் மரத்துக்குத் தடவும் வெள்ளைப் பசையும் இதே குடும்பம்தான் என்றாலும் சூயிங்கத்துக்குப் போவது உணவுத் தரத்தில் தனியாகச் செய்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை இந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது மரப்பால்: மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் எடுத்த சிக்கிள். அது நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் சப்போட்டா மரத்தின் பால்தான். காயாக இருக்கும் சப்போட்டாவைக் கடித்தால் உதடும் பல்லும் பிசுபிசுவென்று ஒட்டுவது அந்தப் பாலால். ரப்பர் மரத்தில் ஒரு சாய்வுக் கோடாகப் பட்டையைச் சீவிச் சிரட்டையில் பிடிக்கிறோம். அங்கே அடியிலிருந்து உயரம்வரை குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து வெட்டி, அடியில் பையைக் கட்டிப் பிடிப்பார்கள். வெட்டிய மரத்தைச் சில வருஷம் ஆறப்போட வேண்டும். சிக்கிளை வைத்துச் சூயிங்கம் செய்ய 1871-இல் காப்புரிமை வாங்கியவர் நியூயார்க்கின் தாமஸ் ஆடம்ஸ். ரப்பர் பாலும் சிக்கிளும் வேதியியலில் ஒரே வகை மூலக்கூறுச் சங்கிலிதான், பெயர் பாலிஐசோபிரீன். அதற்காக ஒட்டுப்பாலை (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) உருட்டி வாயில் போட்டுவிடக் கூடாது. தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு, ஷீட் உறைய ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதுண்டு. இரண்டும் வாய்க்கு ஆகாது.

முதல் வேலை: எடை

வேண்டியவை: ஒரே பாக்கெட்டில் வாங்கிய ஒரே வகைச் சூயிங்கம் 6, 0.01 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பட்டர் பேப்பர், டிஷ்யூ பேப்பர், கடிகாரம், குறித்துவைக்க ஒரு நோட்டு. சமையல்கட்டுத் தராசு உதவாது. அது ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் தாவும். இங்கே கவனிக்கப்போகும் மாற்றமே இரண்டு கிராமுக்குள்.

பட்டர் பேப்பரை உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதுங்கள்: 1, 3, 5, 10, 20 நிமிடம். துண்டைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, சூயிங்கத்தை வைத்து எடையைக் குறியுங்கள். ஒன்று இரண்டு என்று சொல்லும் வேகத்தில், நொடிக்கு ஒரு கடி. எச்சிலை விழுங்கலாம். நேரம் ஆனதும் எடுத்து, டிஷ்யூவில் இரண்டு பக்கமும் ஒற்றி (பிசையக் கூடாது, ஒற்ற மட்டும்), அதே பட்டர் பேப்பர் துண்டில் வைத்து உடனே எடைபோடுங்கள். அடுத்ததற்கு முன்னால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஐந்தையும் ஒரே ஆள்தான் மெல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் எச்சிலும் கடியும் வேறுபடும், இரண்டு பேர் பங்கு போட்டால் கோடு கோணும்.

ஆறாவதை மெல்ல வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் போட்டு எடுத்து, ஒற்றி, எடைபோடுங்கள். இதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் துண்டு. பலர் விட்டுவிடும் படி, ஆனால் பாடமே இதில்தான் இருக்கிறது.

குறித்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் வைத்தால், முதல் ஐந்து நிமிடத்தில் கோடு மலையிறக்கம் மாதிரி விழும். பத்துக்கு மேல் சமதரை. 3 கிராமில் தொடங்கியது கடைசியில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் வந்து நின்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தண்ணீரில் கிடந்த ஆறாவது துண்டோ இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. அதைக் கத்தியால் வெட்டி நடுவை நாக்கில் வைத்துப் பாருங்கள், இனிப்பு அப்படியே இருக்கும். வெளிப்பக்கத்துச் சர்க்கரை மட்டும் கரைந்திருக்கிறது, உள்ளே இருப்பதைப் பிசின் பூட்டி வைத்திருக்கிறது.

மெல்லுவதன் வேலை அந்தப் பூட்டைத் திறப்பது. கோதுமை அல்வாவுக்குப் பால் பிழிந்த எவருக்கும் இது தெரியும். பிசைந்த மாவைத் தண்ணீரில் சும்மா போட்டால் ஒன்றும் நடக்காது. மடித்து, அமுக்கி, மறுபடி மடித்துப் பிசையப் பிசையப் பால் வெள்ளையாக இறங்கும், கையில் இழுபடும் ஒரு பசை மிஞ்சும். ஒவ்வொரு கடியும் உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவருகிறது, எச்சில் அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எச்சிலும் சும்மா இருப்பதில்லை. வாய் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு அரை மில்லி ஊறுவதே அதிகம். சூயிங்கத்தைக் கடித்த முதல் நிமிடத்தில் அது 5 மில்லிக்கு மேல் போகும், இனிப்பு குறையக் குறைய ஊறலும் குறையும். கோடு முதலில் செங்குத்தாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஒன்று, 20 நிமிடத் துண்டின் எடை 10 நிமிடத் துண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். தராசு கெடவில்லை, சர்க்கரை போன இடத்தில் எச்சில் சின்னச் சின்னத் துளிகளாகப் பிசினுக்குள் புகுந்திருக்கிறது. மென்ற சூயிங்கம் வெளுத்துப் போவதிலும் இந்தத் துளிகளுக்குப் பங்குண்டு. துண்டுகளைத் தட்டையாக்கி, எறும்பு ஏறாத இடத்தில், ஃபேன் காற்றில் ஓர் இரவு வைத்து மறுநாள் மீண்டும் எடைபோட்டால் உண்மையான மிச்சம் தெரியும். இன்னொன்று, மழைக்காலம். ஜூன், ஜூலையில் பிரித்த பாக்கெட் அரை நாளில் காற்றிலிருந்து ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். எடைபோடும் நேரத்தில் மட்டும் உறையைப் பிரியுங்கள்.

ஜவ்வு மிட்டாயும்தான் இழுபடுகிறது, அது ஏன் மிஞ்சுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதன் இழுவை முழுக்கச் சர்க்கரைப் பாகின் இழுவை. பாகு கரைந்தால் கதை முடிந்தது.

மணம் போகவில்லை

இந்தச் சோதனைதான் பார்ப்பவர்களை வாய்பிளக்க வைப்பது. சர்க்கரை போட்ட புதினா வகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மென்று, புதினா எவ்வளவு தெரிகிறது என்று 10-க்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். 10 நிமிடத்தில் 2, 3 என்று வந்துவிடும். "ஒண்ணுமே இல்ல, சப்புன்னு இருக்கு" என்று சொன்ன கையோடு, சூயிங்கத்தைத் துப்ப விடாமல், அரை டீஸ்பூன் சர்க்கரையை நாக்கில் போடுங்கள். நாலைந்து கடியில் புதினா திரும்ப வரும். 6, 7 என்று மதிப்பெண் ஏறும்.

புதினாவைச் சேர்க்கவில்லை, இனிப்பை மட்டும்தான் சேர்த்தீர்கள். அப்படியானால் புதினா எங்கேயும் போகவில்லை. பிசினுக்குள் இருந்து மெதுவாக வந்துகொண்டேதான் இருந்தது. மெந்தால் போன்ற மணப்பொருள்கள் எண்ணெய்க் குணம் உள்ளவை, தண்ணீரைவிடப் பிசினைப் பிடித்துக்கொண்டிருப்பதையே விரும்பும். 1999-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் மெல்லுகிறவர்களின் மூக்குக் காற்றையே கருவியில் விட்டு அளந்தார்கள். மூச்சில் புதினாவின் மணப்பொருளான மெந்தோன் பெரிதாகக் குறையவே இல்லை. ஆனால் மென்றவர்கள் சொன்ன மணம் இறங்கியது, வாயில் இருந்த சர்க்கரை இறங்கிய அதே போக்கில். நாக்கில் இனிப்பு நின்றதும் மூளை மணத்தின் கணக்கையும் முடித்துவிடுகிறது.

சோதனை பிசகாமல் இருக்கச் சில. சர்க்கரை வெள்ளையாக இருக்க வேண்டும். கருப்பட்டி, வெல்லம் போட்டால் அவற்றின் வாசமே முன்னால் வந்து நிற்கும். சந்தேகப்படுகிறவர்களுக்காக இன்னொரு ஆளை வாய் கொப்பளிக்கவைத்துச் சூயிங்கம் இல்லாமல் சர்க்கரையை மட்டும் கொடுங்கள், புதினா வராது. 45 நிமிடம் மென்றபின் செய்யாதீர்கள், அதற்குள் மணமும் மெய்யாகவே மெலிந்துவிடும். சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் பலன் மங்கலாக இருக்கும்; அதில் போடும் சில இனிப்புகளை நுண்ணிய உறைக்குள் அடைத்து மெதுவாக வெளிவரும்படி செய்திருப்பார்கள்.

இதே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருபது கடி மெல்லச் சொல்லுங்கள். புதினா மணம் போய்விடும், ஆனால் ஜில்லென்ற உணர்வு அப்படியே நிற்கும். அது மணமல்ல. குளிரை உணரும் நரம்பு முனையில் உள்ள ஒரு புரதத்தை மெந்தால் பொய்யாகத் தட்டி எழுப்புகிறது. அந்தப் புரதத்தை 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். வாய் மெய்யாகக் குளிர்வதில்லை.

சைலிட்டால், சார்பிட்டால் போட்ட சூயிங்கத்தில் மெய்க்குளிரும் உண்டு. அவை கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். சைலிட்டால் வாங்க அலைய வேண்டாம், மருந்துக்கடைக் குளுக்கோஸ் பொடி போதும் (வாசனையோ சர்க்கரையோ சேர்க்காத வெறும் குளுக்கோஸ்). இரண்டு டம்ளரில் 100 மில்லி தண்ணீரை ஊற்றி, அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள். ஒன்றில் 25 கிராம் குளுக்கோஸ், மற்றதில் 25 கிராம் சர்க்கரை. வேகமாகக் கலக்கித் தெர்மாமீட்டரை வையுங்கள். குளுக்கோஸ் டம்ளர் மூன்று நான்கு டிகிரி இறங்கும், சர்க்கரை டம்ளர் ஒரு டிகிரி இறங்கினாலே அதிகம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டுக்குக் கீழே சரியாகப் படிக்காது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 0 முதல் 100 வரையிலானதைக் கேட்டு வாங்குங்கள்.

இளகுவதும் இறுகுவதும்

வாயில் போட்ட முதல் அரை நிமிடம் சூயிங்கம் பொடிப்பொடியாக உடையும். பயப்படாமல் மென்றால் ஒன்று சேரும். 37 டிகிரிச் சூடு பிசினை இளக்குகிறது, எச்சில் சிரப்பைக் குழைக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் அதன் மிக மெதுவான நிலை வரும். பிறகு சர்க்கரையும் சிரப்பும் கிளிசரினும் கழுவிப் போகப் போக, மெதுவாக வைத்திருந்தவை எல்லாம் போய்ப் பிசின் மட்டும் நிற்கிறது. அதனால்தான் பத்து நிமிடத்துக்குமேல் தாடை வலிக்கிறது.

சூட்டின் பங்கைத் தனியாகப் பார்க்க, பத்து நிமிடம் மென்றதை வாயிலேயே வைத்துக்கொண்டு ஐஸ் தண்ணீர் ஒரு மடக்கு குடித்துக் கால் நிமிடம் வாயில் நிறுத்துங்கள். சூயிங்கம் கட்டை மாதிரி ஆகிவிடும். அடுத்து, குடிக்கிற சூட்டில் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) ஒரு மடக்கு. குழைந்து பல்லில் ஒட்டும். மறுபடி ஐஸ் தண்ணீர் என்றால் மறுபடி கட்டை. எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படி மாற்றலாம், ஏனென்றால் இங்கே எதுவும் கரைந்து போகவில்லை. சங்கிலிகள் சூட்டில் நழுவுகின்றன, குளிரில் உறைந்து நிற்கின்றன. மழை நாள் காலையில் விறைத்துத் தொங்கும் ரப்பர் ஷீட் உச்சிவெயிலில் துவண்டு கிடப்பதும் இந்த ரகம்தான். கடும் சூட்டில் சாயாவைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். சூட்டைச் சூயிங்கம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இழுத்தும் பார்க்க வேண்டும். மென்ற துண்டைக் கையைக் கழுவிவிட்டு இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக, கோலம் இழுக்கும் நிதானத்தில் இழுங்கள். நூலாகி, நடுவில் தொய்ந்து, ஒரு முழம் தாண்டிக்கூட வரும். உருட்டிச் சேர்த்து இந்தத் தடவை வெடுக்கென்று இழுங்கள். மொட்டையாகத் துண்டித்துக்கொள்ளும், அறுந்த இடம் நூலாக இருக்காது. மெதுவாக இழுத்தால் சங்கிலிகளுக்கு ஒன்றையொன்று தாண்டி நழுவ நேரம் கிடைக்கிறது, சட்டென்று இழுத்தால் கிடைப்பதில்லை. பக்கத்திலேயே ஒரு தடித்த ரப்பர் பேண்டை வைத்துக்கொள்ளுங்கள். இழுத்து விட்டால் அது பழைய நீளத்துக்குத் திரும்புகிறது, சூயிங்கம் திரும்புவதில்லை. ரப்பர் பேண்டில் கந்தகம் போட்டுச் சங்கிலிகளை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், இதில் முடிச்சில்லை. அந்த பேண்டை வேகமாக இழுத்து அப்படியே மேலுதட்டில் வைத்தால் சூடு தெரியும், இழுத்தபடியே கொஞ்சம் வைத்திருந்து தளரவிட்டு வைத்தால் குளிரும். சூயிங்கத்தோடு இதற்குப் பெரிய சம்பந்தமில்லை, ஆனால் ரப்பர் ஊரில் பிறந்த பிள்ளை இதைப் பார்க்காமல் வளரக் கூடாது.

முட்டை ஊதுவது

ஊத வராததற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரம். சர்க்கரை மணிகள் உள்ளே இருக்கும்வரை மெல்லிய படலத்தில் ஒவ்வொரு மணியும் ஓர் ஓட்டை மாதிரி. அந்த இடத்தில் கிழியும். ஐந்தாறு நிமிடம் மென்று, இனிப்பு நன்றாக இறங்கியபின் நாக்கால் மேலண்ணத்தில் தட்டையாக்கி, பல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து, நடுவில் நாக்கால் குழி செய்து, வாயிலிருந்து மெதுவாகக் காற்றை விடுங்கள். வேகமாக ஊதினால் மேலே சொன்ன வெடுக் இழுப்பு நடந்துவிடும். சாதாரணச் சூயிங்கத்தில் பெரிய முட்டை வராது. பபிள்கத்தின் பேஸில் இழுவை கூடுதல். 1928-இல் பிலடெல்பியாவின் ஃப்ளியர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வால்டர் டீமர்தான் பல்லில் ஒட்டாமல் ஊத வரும் அந்தக் கலவையைப் பிடித்தார். கைக்கு அகப்பட்ட சாயம் இளஞ்சிவப்பு மட்டும், அதையே போட்டார். அந்த நிறம் நின்றுவிட்டது.

எண்ணெய் வைக்கும் வேட்டு

தண்ணீரில் கரையாத பிசின் எதில் கரையும்? பத்து நிமிடம் மென்ற சூயிங்கத்தோடு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் நாலைந்து போட்டுச் சேர்த்து மெல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் வறுத்ததாக இருந்தால் நல்லது. ஒரு நிமிடத்துக்குள் சூயிங்கம் தளர்ந்து, இழை இழையாகப் பிரிந்து, கடைசியில் வாயில் சிப்ஸ் எது பிசின் எது என்று தெரியாத ஒரு கூழ் இருக்கும். துப்பிவிடுங்கள். நிலக்கடலை, சாக்லேட் எதிலும் நடக்கும். எண்ணெய் பிசினின் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கிவிடுகிறது. சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு லெசித்தினும் சேர்ந்து அந்த வேலையைச் சுலபமாக்குகிறது.

"மொறுமொறுப்புத்தான் அறுத்துவிட்டது" என்று யாராவது வாதாடினால், அதே அளவு அரிசிப் பொரியைப் போட்டு மெல்லச் சொல்லுங்கள். பொரியில் எண்ணெய் இல்லை. சூயிங்கம் நறநறவென்று ஆகுமே தவிர கட்டு விடாது, பொரி கரைந்தபின் பழையபடி நிற்கும்.

யாருக்கு ஆகாது

மெல்லத் தெரியாமல் விழுங்கிவிடும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். எப்போதாவது ஒன்றை விழுங்கிவிட்டால் ஏழு வருஷம் வயிற்றில் ஒட்டிக்கிடக்கும் என்பது கதை. பிசின் செரிக்காது, ஆனால் மற்ற சக்கையோடு வெளியேறிவிடும் (இந்தச் சக்கை வேறு, பழச்சக்கை வேறு என்று நாஞ்சில் நாட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும்). சர்க்கரை இல்லாத வகையை ஒரே நாளில் பாக்கெட் கணக்கில் மென்றால் சார்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். 951 எண் இருந்தால் பிறவியிலேயே பினைல்கீட்டோனூரியா (பினைலலனின் என்ற பொருளை உடம்பு சிதைக்க முடியாத குறை) உள்ளவர்கள் தொடக் கூடாது. சைலிட்டால் நாய்க்கு விஷம். மெல்லாத துண்டுகளை வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள். மற்றபடி, சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்வது பல்லுக்கு நல்லதே. ஊறும் எச்சில் பல்லின்மேல் தங்கிய அமிலத்தைக் கழுவுகிறது.

ஒட்டிக்கொண்டால்

சோதனை முடியும்போது ஒருத்தர் சட்டையிலாவது ஒட்டியிருக்கும். அதை வெந்நீரில் போடுவதும் இஸ்திரி வைப்பதும்தான் பெரிய தப்பு. இளகி நூலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு வராது. துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். ஐஸ் தண்ணீரில் கட்டையான அதே குணம் இங்கே உதவும். விறைத்ததும் கரண்டிக் காம்பால் நெம்பினால் பெரும்பகுதி செதிலாகப் பெயரும். நூலில் மிஞ்சிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு, ஐந்து நிமிடம், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு.

முடியில் ஒட்டினால் கத்தரிக்கோலைத் தேட வேண்டாம். சக்கை வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுவது எதற்கோ, அதே எண்ணெய்தான் இதற்கும். இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைச் சூயிங்கத்தின்மேலும் அதைச் சுற்றிய முடியிலும் தடவி, விரலால் பிசைந்துகொண்டே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் வழுக்குவது தவிர ஒன்றும் நடக்காது. நாலைந்து நிமிடத்தில் சிப்ஸ் போட்ட வாயில் நடந்தது முடியிலும் நடக்கும்: இழுவை அறுந்து, பிசின் வெண்ணெய் மாதிரி குழையும். அப்போது பெரிய பல் சீப்பால் நுனிப் பக்கமாக வாரி எடுத்து, தாளில் துடைத்து, ஷாம்பு போட்டு அலசுங்கள். எண்ணெய் போக இரண்டு தடவை அலச வேண்டியிருக்கும்.